பனியனோடு கப்பலேறாதவை

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போய் வந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள்: தென்னிந்தியாவின் மான்செஸ்டர் எது? கோயம்புத்தூர் என்று சட்டென்று பதில் வரும். ஒரு மதிப்பெண் வினா. அப்பா எழுதிய விடையையே மகளும் எழுதுகிறாள். மான்செஸ்டரில் என்ன நடந்தது, அந்தப் பெயரைக் கோவை ஏன் சுமக்கிறது என்று கேட்க வகுப்பில் நேரம் இருப்பதில்லை. பாடம் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது: சிவகாசி பட்டாசு, வாணியம்பாடி தோல், திருப்பூர் பனியன். ஊருக்கொரு பொருள், பொருளுக்கொரு மதிப்பெண்.

மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயரின் குளிரில் பருத்தி விளையாது. ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சு கப்பலில் வந்து லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதில் பெரும்பங்கு அமெரிக்கத் தென்மாநிலங்களின் தோட்டங்களில் கறுப்பின அடிமைகள் பறித்தது. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு, வடக்கின் கப்பற்படை தெற்கின் துறைமுகங்களை மறித்ததும் பஞ்சு வரத்து நின்றது. லங்காஷயரில் ஆலைகள் மூடப்பட்டன. லட்சக்கணக்கானோர் நிவாரணத்தை நம்பிப் பிழைத்தார்கள். அதே ஆண்டுகளில் இந்தியப் பஞ்சின் விலை எகிறியது. தக்காணத்து விவசாயிகள் கடன் வாங்கிப் பருத்தி போட்டார்கள். 1865இல் போர் முடிந்தது, விலை விழுந்தது, கடன் மட்டும் நின்றது. பத்தாண்டு கழித்து, 1875இல், பூனா, அகமத்நகர் பகுதிகளில் விவசாயிகள் லேவாதேவிக்காரர்களின் கடன் பத்திரங்களைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள்.

மிசிசிப்பிக் கரையின் தோட்டம், மான்செஸ்டரின் நூற்பாலை, பூனாவின் கடன் பத்திரம் எல்லாம் ஒரே பாடத்தின் பக்கங்கள். இதைச் சொல்லாமல் பெயரை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கும்போது பிள்ளைகள் இழப்பது மிக அதிகம். உற்பத்தியின் புவியியலை மூன்று கேள்விகளாக அவர்கள் முன் வைக்கலாம் என்று நினைக்கிறேன். இந்தப் பொருள் ஏன் இந்த ஊரில் செய்யப்படுகிறது? யார் செய்கிறார்கள், யாரிடம் போகிறது? பொருள் போன பிறகு, செய்த ஊரில் என்ன தங்கிவிடுகிறது? முதல் கேள்விக்குப் பாடநூல்களில் அரைகுறையாகவாவது விடை உண்டு. இரண்டாவது, அம்புக்குறி போட்ட உலகப் படத்தோடு முடிந்துவிடுகிறது. மூன்றாவதை நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. என் கவலையெல்லாம் அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான்.

*

திருப்பூர் வட்டாரப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வீட்டிலேயே இருக்கிறது. அம்மா செக்கிங், அப்பா கட்டிங், சித்தி ஓவர்லாக் டெய்லர், மாமா நிட்டிங்கில் நைட் ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம் வரும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பார்கள். ஷிப்மென்ட் நெருங்கினால் அம்மா வீடு திரும்ப நேரமாகும் என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் அறியும். அந்த ஷிப்மென்ட் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது, எந்தக் கடலைத் தாண்டுகிறது என்பது பதினைந்து வயதிலும் தெரிந்திருக்காது.

அந்தப் பகுதியின் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மதியம் உட்கார்ந்திருந்தேன். காதர்பேட்டையில் வாங்கிய ஏற்றுமதி மிச்ச டி-சர்ட்டுகள் சிலவற்றை ஆசிரியர் கொண்டுவந்திருந்தார். உட்புறத்தைத் திருப்பி, பக்கத் தையலில் இருக்கும் வெள்ளைப் பட்டையைப் பார்க்கச் சொன்னார். சிறு புத்தகம்போல நாலைந்து ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைக்கப்பட்ட பட்டை அது. நூறு சதம் பருத்தி என்ற ஒரே செய்தி ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போலிஷ், சுவீடிஷ் என்று வரிசையாக அச்சாகியிருந்தது. கீழே தண்ணீர்த் தொட்டி, முக்கோணம், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றின் குறிகள். ஒரு சிறுமி பட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: “இது வாஷ்கேருங்க சார். எங்கம்மா இதத்தான் வெச்சுத் தைப்பாங்க. இடது சைடுல வரோணும். தலைகீழா வெச்சுட்டா பீஸ் திரும்பி வந்துரும்.”

அது எந்த நாட்டுக்குப் போகிறது என்று அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “பெட்டில எழுதியிருக்குமுங்க. அது இங்கிலீசுல இருக்கும்” என்றாள்.

பிறகு அவர்கள் அட்லஸை விரித்தார்கள். பட்டையில் இருந்த மொழிகளை வைத்து நாடுகளைத் தேடினார்கள். போலந்தைக் கண்டுபிடிக்க நேரம் பிடித்தது. கண்டுபிடித்த பிறகு, அங்கே பனி பெய்யுமா, பெய்தால் இந்த மெல்லிய பனியனை எந்த மாதத்தில் போடுவார்கள் என்று ஒருவன் கேட்டான். கோடைக்கான உருப்படி குளிர்காலத்திலேயே தைத்து அனுப்பப்பட வேண்டும் என்பது அந்தக் கேள்வியிலிருந்து அவர்களுக்குத் தானாகப் பிடிபட்டது. நிலநடுக்கோடு, பருவகாலம், கடற்பயண நாட்கள் எல்லாம் ஒரு துணிப் பட்டையிலிருந்து எழுந்து வந்தன.

*

அந்த டி-சர்ட்டின் வழித்தடத்தை நேராகச் சொல்லிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் விளையும் பருத்தி இங்குள்ள நூற்பாலைகளின் பசிக்குப் போதாது. குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து பேல்கள் வருகின்றன. கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கத்து ஆலைகளில் நூலாகிக் கோன்களில் சுற்றப்பட்டுத் திருப்பூருக்கு வருகிறது. நூலை வட்டத் துணியாகப் பின்னும் இயந்திரங்களில் பல ஜெர்மனியிலும் தைவானிலும் செய்யப்பட்டவை. தையல் இயந்திரங்களில் பல ஜப்பான் நிறுவனங்களுடையவை. துணி சாயப்பட்டறைக்குப் போய், காம்பேக்டிங் முடித்து, கட்டிங் மேசைக்கு வந்து, பவர் டேபிளில் தைக்கப்பட்டு, பிசிறு வெட்டி, செக்கிங், அயர்ன், பேக்கிங் தாண்டிப் பெட்டியில் ஏறுகிறது. பல உருப்படிகளில் இந்தக் கட்டங்கள் ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. ஊரெங்கும் சிதறிக்கிடக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு டெம்போக்களில் துணி அலைகிறது. திருப்பூரின் சாலைகளையே ஒரு நீண்ட தொழிற்சாலையின் நடைபாதைகளாகப் பார்க்கலாம்.

பெட்டிகள் கன்டெய்னரில் தூத்துக்குடிக்குப் போகின்றன. அங்கிருந்து பெரும்பாலும் சிறு கப்பலில் கொழும்பு. கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றம். பிறகு அரபிக்கடல், செங்கடல், 193 கிலோமீட்டர் நீளமுள்ள சூயஸ் கால்வாய், மத்தியதரைக்கடல், ராட்டர்டாம் அல்லது ஹாம்பர்க். 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஆங்கிலேயரோடு போட்டியிட்டதும் இதே தூத்துக்குடி–கொழும்பு வழியில்தான். இன்று அந்தத் துறைமுகத்துக்கு அவர் பெயர். வரலாற்று வகுப்பில் தியாகமாக மட்டும் படிக்கும் கதையைக் கடல் வணிகப் பாதைக்கான போராட்டமாகவும் பார்க்கப் பிள்ளைகளால் முடியும். 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியடைத்ததையும், 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிப் போக நேர்ந்ததையும் இந்தப் படத்தில் குறித்துக் காட்டினால், எங்கோ நடக்கும் போருக்கும் அம்மாவின் ஓவர்டைமுக்கும் உள்ள தொடர்பு விளங்கிவிடும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது, திருப்பூரில் அதைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. வகுப்பறையில் எவ்வளவு பேசினோம்?

ஏன் திருப்பூர் என்ற கேள்விக்கும் ஒற்றை விடை கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி, கிணற்றை நம்பிய வறண்ட வேளாண்மை, பருத்திச் சந்தை, மெட்ராஸிலிருந்து மேற்கே போன ரயில் பாதை, 1930களில் வந்த பைக்காரா மின்சாரம். காட்டில் உழைத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் தொழிலாளிகளாக நுழைந்து, பங்குக்குச் சேர்ந்து, சிறு முதலாளிகளாக ஆனதைச் சரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் வெளிவந்த நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் செய்த ஊரை 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர்கள் தேடி வந்தார்கள். பிறகு ஐரோப்பியச் சங்கிலிக் கடைகள் வந்தன. துணி வர்த்தகத்தில் நாடுகளுக்கு அளவு வகுத்த கோட்டா முறை 1974 முதல் 2004 வரை இருந்து, 2005 ஜனவரி 1 அன்று முடிந்தது. நிலம், மின்சாரம், சாதி உறவு, கடன், ஜெனீவாவில் கையெழுத்தான ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்துதான் ஓர் ஊரைப் பனியன் ஊராக்குகின்றன. இயற்கை வளம் இருக்கும் இடத்தில் தொழில் வளரும் என்று ஒற்றை வரியில் எழுதி முடிக்க முடியாது.

*

இனி மூன்றாவது கேள்வி. பனியன் போன பிறகு என்ன தங்கிவிடுகிறது?

சாயப்பட்டறையில் பருத்தித் துணிக்கு நிறமேற்ற உப்பு வேண்டும். தண்ணீரில் கரைந்த சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவது உப்புதான். அடர்ந்த நிறம் என்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ அளவுக்குக்கூட உப்பு சேரும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு ஒட்டிக்கொள்கிறது. உப்பு ஒட்டுவதில்லை, அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. நிறம் ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தது, உப்பு நொய்யல் ஆற்றில் தங்கியது. இதை எந்த வகுப்பறையிலும் செய்து காட்டலாம். உப்பும் சாயமும் கரைத்த நீரில் வெள்ளைத் துணியைக் கொதிக்கவைத்து எடுத்து, மீந்த தண்ணீரை ஆசிரியர் அடுப்பில் வற்றவிட்டால் சட்டியின் அடியில் உப்பு படிந்திருக்கும். அதைப் பார்த்த பிள்ளைக்குப் பன்னாட்டு வணிகத்தின் கணக்கில் எழுதப்படாத ஒரு வரி புரிந்துவிடும்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தாண்டி, காவிரியில் கலக்கிறது. அதன் குறுக்கே பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992இல் திறந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் நீர் வயலுக்குப் பாய்ந்தால் வயல் கெட்டுவிடும் என்ற நிலை வந்தது. கிணறுகளும் உப்பேறின. விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். நீண்ட வழக்குக்குப் பிறகு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாமல், நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறிய பிறகே பட்டறைகள் மெல்லத் திறந்தன. அதற்கு ஆகும் செலவு பெரிது. அந்தச் செலவைச் செய்யாத ஊரின் பனியனோடும் நாட்டின் பனியனோடும் திருப்பூர் பனியன் விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. ஆற்றைக் காப்பாற்றும் ஊர் சந்தையில் ஏன் சிரமப்படுகிறது என்பதைவிட முக்கியமான வணிகப் பாடம் எனக்குத் தெரியவில்லை. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ நாவல் 1990களிலேயே இந்த நகரத்தின் நிறமேறிய நீரைப் பேசிவிட்டது. நம் புவியியல் வகுப்புகள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

தங்கிவிடுவது உப்பு மட்டுமல்ல. பஞ்சுத் தூசு படிந்த நுரையீரல், நின்றே வேலை பார்க்கும் செக்கிங் பெண்ணின் கால்வலி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒற்றை அறையில் பலராகத் தங்கும் இளைஞர்களின் தனிமை. ஒரு காலத்தில் பிள்ளைகளே இங்கே டெய்லருக்குப் பக்கத்தில் நின்று கைமடிக்கும் வேலை செய்தார்கள். அவர்கள் உற்பத்தியின் புவியியலைத் தங்கள் உடம்பால் படித்தவர்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சாவரில் ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அவர்கள் யாருக்காகத் தைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை இடிபாடுகளில் கிடந்த பட்டைகளை வைத்துத்தான் அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. ஏழாம் வகுப்புச் சிறுமி எந்தப் பக்கம் வைத்துத் தைக்க வேண்டும் என்று சொன்னாளே, அதே பட்டை.

*

இப்படிக் கற்பித்தால் பிள்ளைகள் வணிகத்தையே வெறுக்கமாட்டார்களா என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பாதி உண்மையைச் சொன்னால் வெறுப்புதான் வரும். பனியன் கம்பெனிச் சம்பளம் எத்தனையோ பெண்களின் கையில் முதன்முதலாகச் சொந்தப் பணத்தைக் கொடுத்தது. மானாவாரி நிலம் கைவிட்ட குடும்பங்களுக்குச் சோறு போட்டது. வாங்குபவர்களின் நாடுகளில் எழுந்த எதிர்ப்பும் இங்கே குழந்தைத் தொழிலாளர் குறைய ஒரு காரணம். இதையும் அதே வகுப்பில், அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். குற்றவுணர்ச்சியைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவது கல்வியாகாது. ஒரு பொருளின் விலைக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கும் பழக்கத்தை உண்டாக்குவதே இதில் கல்வி.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவில் வைத்துக் கணக்கும் வரலாறும் புவியியலும் கற்பிக்கலாம் என்றது. தக்ளியில் நூற்கும் பிள்ளை பருத்தி எங்கே விளைகிறது என்றும், இந்த நாட்டின் துணித்தொழில் எப்படி நசிந்தது என்றும் கேட்கும் என்பது அதன் நம்பிக்கை. அதற்கு மூன்றாண்டு முன்னால் அமெரிக்கக் கல்வியாளர் லூசி ஸ்ப்ரேக் மிட்செல் குழந்தைகளைச் சிறு புவியியலாளர்களாகவே பார்த்து ஒரு நூல் எழுதினார். தெருவில் காணும் வேலைகளிலிருந்தும் துறைமுகத்தில் காணும் படகுகளிலிருந்தும் குழந்தை தன் வரைபடத்தைத் தானே வரையத் தொடங்கலாம் என்பது அவர் கண்டது.

நம்மிடம் இன்னும் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருட்களைப் பட்டினப்பாலை அடுக்கும்போது, ஒவ்வொன்றும் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கடல்வழி வந்த குதிரை, மேற்குமலையின் சந்தனம், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், ஈழத்து உணவு. சுங்க அதிகாரிகள் மூட்டைகளின்மேல் புலி முத்திரை இட்டதையும் சொல்கிறது. இன்று உலகின் பெரும்பாலான சுங்கத்துறைகளில் டி-சர்ட்டுக்கு 6109 என்ற தலைப்பெண் இருக்கிறது. முத்திரை எண்ணாகியிருக்கிறது, வேலை அதேதான். தமிழாசிரியர் பட்டினப்பாலையை நடத்தும் வாரத்தில் சமூக அறிவியல் ஆசிரியர் தூத்துக்குடித் துறைமுகத்தை நடத்தினால் இரண்டு பாடங்களும் ஒன்றுக்கொன்று வெளிச்சமாகும். ஆனாலும் அந்தப் பட்டியல் வந்து குவிந்ததைத்தான் பாடியது. அவற்றை வெட்டியும் மூழ்கியும் எடுத்த இடங்களில் என்ன தங்கியது என்பதைச் சேர்க்க வேண்டியது நம் காலத்தின் வேலை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இதற்குப் புதிய பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆம்பூரில் காலணி, ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி, சிவகாசியில் காலண்டர் என்று உங்கள் ஊரில் செய்யப்படும் ஏதாவது ஒரு பொருளை மேசைமேல் வையுங்கள். அது எங்கிருந்து வந்த எதனால் ஆனது, எங்கே போகிறது என்று உலகப் படத்தில் பிள்ளைகளைக் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு வேறொரு நிறப் பென்சிலைக் கொடுத்து, போகாமல் இங்கேயே தங்கியது எது என்று உள்ளூர்ப் படத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தொழிலில் வேலை பார்க்கும் ஒரு தாயையோ தந்தையையோ வகுப்புக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். இந்தப் பாடத்தில் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தப் பாடநூலுக்கும் தெரியாது.